முடிந்தவர் கட்டு

சென்ற மாதம் ஒரு நாள் பதினோரு மணி இருக்கும். நான் வேலை பார்த்த கருவூலத்திலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவள் கலாவதி. நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்தவள்.

“அக்கா, ஆபீசுக்கு கம்ப்யூட்டர் வருது. ரெக்கார்டு ரூமைக் காலி பண்ணி ஏ.சி. போடப் போறாங்க. பழைய பேப்பரையெல்லாம் அழிக்கறதுக்கு லிஸ்ட் போடணுமாம். நீங்க அதுல எக்ஸ்பர்ட்டாமே? எப்படிப் போடணும்னு சொல்லுங்களேன்.”

எக்ஸ்பர்ட்டாம்! “ஒரு காகிதத்தையும் தொடாதே. நான் நேரில் வரேன்” என்று சொல்லி ரிசீவரை வைத்தேன். மறுநாள் ராஜகீழ்ப்பாக்கத்தில் பஸ் ஏறிப் போய், அவளுக்கு எதிரே உட்கார்ந்து சொன்னேன். கேட்டு முடித்தவள் முகத்தில் ஈயாடவில்லை. “இதை நீங்க எழுதணும் அக்கா” என்றாள். அதனால் எழுதுகிறேன். என்னைப் பற்றி நல்லபடியாக எழுதிக்கொள்ள இதில் அதிகமில்லை.

கருவூலம் என்றதும் பொன்னும் மணியும் நினைவுக்கு வந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல. எங்கள் கருவூலத்தில் இருந்தது ஒரு இரும்புப் பெட்டி, பதினாறு மேசை, மழைக்கு ஒழுகும் ஒரு பதிவேட்டு அறை. தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கான சார்நிலைக் கருவூலங்களில் ஒன்று. எது என்று சொல்லப் போவதில்லை. தப்புச் செய்தது நான். கட்டடம் என்ன செய்யும்?

அறுபதுகளில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். தேர்வுகள் எழுதினேன், இரண்டு மூன்று ஊர் மாற்றினார்கள், எண்பதுகளின் தொடக்கத்தில் கணக்கராக இங்கே வந்தேன். கொடுத்த பிரிவு ஓய்வூதியம். அந்தப் பிரிவை யாரும் கேட்டு வாங்குவதில்லை. முதல் தேதி ஒன்பது மணிக்கெல்லாம் வராந்தா நிரம்பிவிடும். மேடவாக்கத்திலிருந்து வருவார்கள், அப்போதெல்லாம் அங்கே ஏரியும் வயலும்தான். திருநீர்மலையிலிருந்து வருவார்கள். காது கேட்காதவர், கண் தெரியாதவர், போன மாதம் போட்ட சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடருகிறவர், எல்லோரும் என் மேசைக்குத்தான் வரவேண்டும்.

ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஓய்வூதியப் புத்தகம் இருக்கும். அதற்கு இரட்டை உண்டு. ஒன்று அவரிடம், ஒன்று எங்களிடம். ஒரே எண், ஒரே பெயர். அவர் தன்னுடையதை நீட்டினால், நான் அலமாரியிலிருந்து எங்களுடையதை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எண்ணைப் பார்த்து, அடையாள மச்சத்தைப் பார்த்து, கையெழுத்தை ஒத்துப்பார்த்து, இரண்டிலும் பதிந்து, அலுவலரிடம் அனுப்ப வேண்டும். அவர் ஒப்பமிட்டால்தான் பணம்.

அந்த அலுவலர் பெயர் சம்பந்தமூர்த்தி. ஒல்லியான மனிதர். சட்டைக் காலர் பொத்தானை வெயில் காலத்தில்கூடக் கழற்ற மாட்டார். கையெழுத்துப் போடும்போது வியர்வை பட்டு மை கலையக் கூடாது என்று மணிக்கட்டுக்கு அடியில் மடித்த கைக்குட்டை ஒன்றை வைத்துக்கொள்வார். பச்சை மை. குரலை உயர்த்தி ஒருநாளும் பேசியதில்லை. எந்தத் தாளை நீட்டினாலும் ஒரே கேள்விதான் கேட்பார்.

“பார்த்தீங்களா, படிச்சீங்களா?”

வந்த புதிதில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. படிக்காமலா கொண்டு வருவோம்? ஒருநாள் ஒரு பட்டியலை நீட்டினேன். வழக்கம்போலக் கேட்டார். “படிச்சேன் சார்” என்றேன் கொஞ்சம் விறைப்பாக. அவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தாளை என் பக்கம் திருப்பினார்.

“ஏப்ரல்ல முப்பத்தொண்ணு எப்ப வந்துதுங்கம்மா?”

பட்டியலில் அப்படித்தான் எழுதியிருந்தது. பிரிவே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. “நீங்க பார்த்திருக்கீங்க. அதுவும் நல்லாத்தான் பார்த்திருக்கீங்க” என்றார். அன்றைக்கு அவரை மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அதற்குப் பிறகு இரண்டு வருஷத்தில் என் வேலையில் ஒரு பிழையைக்கூட அவர் கண்டுபிடிக்கவில்லை. அந்தத் திமிர்தான் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

இப்போது இறந்தவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வூதியர் இறந்தால், அவர் மனைவியோ பிள்ளையோ இறப்புச் சான்றிதழோடு வருவார்கள். இறந்த தேதி வரைக்கும் உள்ள பாக்கியை வாங்க வேண்டுமானால் அவருடைய புத்தகத்தை எங்களிடம் ஒப்படைக்க வேண்டும். குடும்ப ஓய்வூதியம் உள்ளவர்களுக்கு அதன்பின் மனைவி பேருக்கு மாறும். ஆனால் அந்தத் திட்டம் வருவதற்கு முன்பே ஓய்வு பெற்றவர்கள் இருந்தார்களே, அவர்களுக்கு அது கிடையாது. புருஷனோடு ஓய்வூதியமும் போய்விடும். அப்படிப்பட்டவர்களின் இரண்டு புத்தகங்களிலும் சிவப்பு மையில் ‘இறந்தார், முடிந்தது’ என்று எழுதுவோம்.

விதிப்படி அவற்றை அப்போதைக்கப்போது மேலலுவலகத்துக்குத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அந்தப் பழக்கமில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிதம், ஒரு பதிவுத் தபாலா? நிறையச் சேரட்டும், மொத்தமாக அனுப்பலாம் என்று எனக்கு முன்னால் இருந்தவர் கட்டி வைத்தார். அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படியே. அந்த மூட்டைக்கு அலுவலகத்தில் ‘முடிந்தவர் கட்டு’ என்று பெயர். பதிவேட்டு அறையில் மேல் தட்டில் இருந்தது. நானும் அதன் தலையில் ஏற்றிக்கொண்டே போனேன்.

அப்படி ஏற்றியவற்றில் ஒன்று வேதாசலம் என்பவருடையது. கால்நடை மருத்துவமனையில் கடைநிலை ஊழியராக இருந்து, அறுபதுகளின் தொடக்கத்தில் ஓய்வு பெற்றவர். அவர் இறந்ததும் மனைவி குப்பம்மா திருநீர்மலையிலிருந்து வந்தார். புருஷனைவிட வெகு இளையவர், அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். பாக்கி பதினோரு நாளைக்கானது. புத்தகத்தைக் கேட்டேன். நீட்டினார், ஆனால் பிடியை விடவில்லை.

“மேடம், இது எங்கிட்டயே இருக்கட்டுமே. அவரு கையெழுத்து மாசா மாசம் கீது இதுல. வேற ஒண்ணும் இல்ல வூட்ல.”

“அதெல்லாம் முடியாதும்மா. ரூல்ஸ். புத்தகம் குடுத்தாத்தான் பணம்.”

“பணம் வாங்கிகினு புக்க குடுத்துட்டா, அப்பால எனக்கு இன்னா இருக்குது?”

“அப்பாலே ஒண்ணும் கிடையாதும்மா. உங்க வீட்டுக்காரர் அந்தக் காலத்து ஆளு. அவரோட முடிஞ்சுபோச்சு.”

இதை நான் கோபமாகச் சொல்லவில்லை. விதியைச் சொன்னேன். அன்றைக்கு அது சரியும்கூட. அவர் பிடியை விட்டார். சிவப்பு மையில் எழுதினேன்.

அடுத்த வருஷம் ஆண்டாய்வு வந்தது. ஆய்வு அலுவலர் கறாரானவர் என்று பேச்சு. பதிவேட்டு அறையைச் சுத்தம் செய்யும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். என்னைவிட ஒழுங்காக யார் செய்துவிடுவார்கள்? பழைய தாள்களை அழிப்பதற்கும் முறை உண்டு. எந்தப் பதிவேட்டை எத்தனை வருஷம் வைக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. கெடு முடிந்தவற்றை ஒவ்வொன்றாகப் பெயர், எண், வருஷம் எழுதி, அலுவலரிடம் ஒப்பம் வாங்கி, கிழித்து, அதன்பிறகுதான் கழிவுத்தாளாக விற்க வேண்டும்.

எல்லாவற்றையும் அப்படித்தான் எழுதினேன். கடைசியில் மேல் தட்டில் இருந்த அந்தக் கட்டு வந்தது. தூசி. எலி கடித்த ஓரங்கள். அறுபது எழுபது பேருடைய புத்தகங்கள் இருக்கும். எடுத்து ஒவ்வொன்றாக எண் எழுத ஒரு பொழுது முழுக்க ஆகும். ஆட்கள் செத்தாயிற்று, குடும்பத்துக்கும் ஒன்றும் கிடையாது, யாருக்கு என்ன பயன்? பட்டியலின் கடைசி வரியில் எழுதினேன்: ‘பயனற்ற பழைய புத்தகங்கள், ஒரு கட்டு.’

அன்றைக்கு அலுவலருக்குக் காய்ச்சல். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பதினான்கு பக்கப் பட்டியலை நீட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை. கைக்குட்டையைச் சரிசெய்துகொண்டு ஒப்பமிட்டார்.

இரண்டு பிற்பகல் உட்கார்ந்து நானும் அலுவலக உதவியாளரும் கிழித்தோம். பழைய புத்தகங்களின் அட்டை கெட்டியாக இருந்ததால் அவற்றை நடுவில் மடக்கி முழங்காலில் வைத்துப் பிய்த்தோம். ஆய்வு அலுவலர் வந்தார். ‘பதிவேட்டு அறை முன்மாதிரியாக உள்ளது’ என்று எழுதிவிட்டுப் போனார். எனக்குத் தனியாகப் பாராட்டுக் குறிப்பு வந்தது. வீட்டில் பாயசம் வைத்தேன்.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் தபாலில் அந்த அரசாணை வந்தது. ஓய்வூதியச் சீர்திருத்தம் என்று அப்போது வரிசையாக ஆணைகள் வந்துகொண்டிருந்தன. இதுவும் அகவிலைப்படியாக இருக்கும் என்று அலட்சியமாகப் பிரித்தேன். நான்கைந்து முறை படித்தேன். திட்டம் வருவதற்கு முன்பே ஓய்வு பெற்று இறந்தவர்களின் மனைவிமார்களுக்கும் இனி குடும்ப ஓய்வூதியம் உண்டு. அவர்கள் கணவரின் ஓய்வூதியப் புத்தக எண்ணோடு விண்ணப்பிக்க வேண்டும்.

கணவரின் புத்தக எண்.

எழுந்து பதிவேட்டு அறைக்குப் போனேன். எதைத் தேடிப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை, ஏனென்றால் அங்கே இல்லை என்பது எனக்குத்தான் நன்றாகத் தெரியும். மேல் தட்டு பளிச்சென்று இருந்தது. பெயரும் எண்ணும் சேர்ந்து இருந்த இடம் அந்தப் புத்தகங்கள் ஒன்றுதான். மாதப் பட்டியல்களில் எண் இருந்திருக்கும், ஆனால் அவை மேலலுவலகம் போய், சில வருஷத்தில் அங்கே அழிந்துவிடும். அழிப்புப் பட்டியலில் நான் எண்ணை எழுதியிருந்தாலாவது போதும். ‘ஒரு கட்டு’ என்று எழுதியிருந்தேன். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒரு மாதத்துக்குள் மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் வீட்டில் கணவரின் எண்ணை எழுதிவைத்த துண்டுத்தாள் எப்படியோ இருந்தது, அவர்கள் வேலை நடந்துவிட்டது. மூன்றாவதாக வந்தவர் குப்பம்மா. இளைத்துக் கறுத்துப் போயிருந்தார். விரல் நுனிகளில் துணி சுற்றியிருந்தார்.

“இன்னா மேடம், நல்லாகீறியா? எங்களுக்கும் பென்சன் உண்டுன்னு ரேடியோல சொன்னாங்களாமே. அன்னிக்கு உங்கிட்ட குடுத்தேனே, அந்த புக்கு, அதுல நம்பரு கீதுன்னு சொன்னாங்கோ. அத்த எடுத்து குடுத்தீன்னா எழுதிப் போட்டுடுவேன்.”

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நாலு வார்த்தை. என் கணவர் வேலை பார்த்த குரோம்பேட்டைத் தொழிற்சாலை மூடி ஒரு வருஷம் ஆகியிருந்தது. வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருந்தது, இரண்டு பெண்கள். என் சம்பளம் ஒன்றுதான். விதிக்கு மாறாக ஆவணங்களை அழித்தால் என்ன தண்டனை என்பது கருவூலக் கணக்கருக்குத் தெரியாமல் இருக்குமா?

“அதெல்லாம் மேலலுவலகத்துக்குப் போயிடும்மா. எழுதிக் கேட்கறேன்” என்றேன்.

கேட்டேன். இதுதான் எனக்கு இன்றுவரை அடங்காத வெட்கம். உட்கார்ந்து அழகான ஒரு கடிதம் தயாரித்தேன். ‘வேதாசலம் என்பாரின் ஓய்வூதியப் புத்தகம் தங்கள் அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டிருக்கலாம் எனத் தெரிகிறது. அதன் எண்ணைத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது.’ அலுவலரிடம் வைத்தேன்.

“பார்த்தீங்களா, படிச்சீங்களா?”

“படிச்சேன் சார்.”

ஒப்பமிட்டார். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: அப்படி எதுவும் இங்கே வரவில்லை, எண்ணைத் தெரிவித்தால் தேடிப் பார்க்கலாம். நான் நினைவூட்டுக் கடிதம் தயாரித்தேன். அதற்கும் அதே பதில். மூன்றாவது கடிதம் தயாரித்தேன். குப்பைக்குப் போன ஒரு புத்தகத்துக்காக இரண்டு அலுவலகம் எட்டு மாதம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தது. அத்தனையும் என் கையெழுத்தில், நல்ல தமிழில். ஒவ்வொரு மாதமும் குப்பம்மா வருவார், “லெட்டர் வந்துதா மேடம்?” என்று கேட்பார். இன்னும் வரவில்லை என்பேன். “பாவம், நீ இன்னா பண்ணுவே” என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்.

அந்தத் தையில் பெரியவளுக்கு வரன் அமைந்தது. திருநீர்மலைப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டதால் குடும்பத்தோடு போனோம். மலையிறங்கி பஸ்ஸுக்கு நடந்தபோது கணவர் குறுக்கு வழி என்று கல்குவாரிப் பக்கமாகக் கூட்டிப் போனார். ஓலைத் தட்டி நிழலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சுத்தியலைப் போட்டுவிட்டு எழுந்து ஓடி வந்தார். குப்பம்மா.

“இன்னாடா இது, நம்ம மேடம்!” என்று என் பெண்களின் கன்னத்தைத் தொட வந்தவர், கையில் புழுதி இருந்ததால் நிறுத்திக்கொண்டார். திரும்பி அந்தப் பெண்களைப் பார்த்துக் கத்தினார்: “ஏய், நான் சொல்லிகினு இருந்தனே, கவருமெண்ட்டு மேடம், இவங்கதான்! எனக்காக எட்டு மாசமா மேல எழுதிகினே கீறாங்கோ. பெரிய புண்ணியவதி!”

அத்தனை பெண்களும் சுத்தியலை நிறுத்திவிட்டு என்னைக் கும்பிட்டார்கள். ஒரு பெண் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து நீட்டினார். வாங்கினேன். குடிக்காமல் பெரியவளிடம் கொடுத்தேன். என் சின்னப் பெண் பெருமையாக என்னைப் பார்த்தாள். அங்கேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சத்தியமாக நினைத்தேன்.

மறுநாள் காலை அலுவலகத்தில் ஒரே தாளில் எழுதினேன். வேதாசலத்தின் புத்தகத்தை அவர் மனைவியிடமிருந்து பெற்றது நான். மேலலுவலகத்துக்கு அனுப்பாமல் வைத்திருந்தது நான். எண்ணைப் பதியாமல் கிழித்தது நான். இதை அறிந்தே மூன்று கடிதங்கள் தயாரித்தது நான். ஆகவே புத்தகம் இருந்ததற்கு இந்த வாக்குமூலத்தையே சான்றாக ஏற்று, பணிப்பதிவேட்டைக் கொண்டு விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வேண்டும்.

அலுவலர் படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

“எட்டு மாசமாத் தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும் சார்.”

“அந்த மூணு லெட்டர்லயும் நான் கையெழுத்துப் போட்டிருக்கேனே சரோஜா அம்மா.”

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அதே தணிந்த குரலில் கேட்டார். “சார், நான் செஞ்சது. என்மேல மட்டும் நடவடிக்கை எடுக்கச் சொல்லி அனுப்புங்க. உங்களுக்கு ரிட்டையர்மென்ட்டுக்கு நாலு மாசம்தான் இருக்கு” என்றேன். அவர் எழுந்து போய் பழைய அழிப்புப் பட்டியலை எடுத்து வந்தார். பதினான்காவது பக்கத்தைத் திருப்பினார். ‘ஒரு கட்டு’ என்ற வரியின் கீழே அவருடைய பச்சைக் கையெழுத்து இருந்தது.

என் வாக்குமூலத்தின் அடியில் அவர் ஒரு வரி சேர்த்தார்: ‘மேற்படி பட்டியலைப் படிக்காமல் ஒப்பமிட்டவன் நான்.’

“சார், வேண்டாம் சார்” என்று நான் அழுதேன். அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

“ஃபேர் காப்பி எடுங்க. மதியத் தபால்ல போயிடணும்” என்றார்.

எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. இரண்டு வருஷத்துக்கு ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். அது எனக்குக் குறைவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவருக்கு நடந்ததுதான் பெரிய அடி. அவர்மேலும் தொடங்கிய விசாரணை முடியாததால், ஓய்வு பெற்ற அன்று அவருக்குப் பணிக்கொடை கிடைக்கவில்லை, முழு ஓய்வூதியமும் இல்லை. தற்காலிகமாக ஏதோ கொடுத்தார்கள். முப்பத்து மூன்று வருஷம் ஒரு கறை இல்லாமல் வேலை பார்த்தவர், அடுத்த மாதம் முதல் தேதி காலர் பொத்தான் போட்டுக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வரிசையில் நின்றார். நாற்காலி போடச் சொன்னேன். “வேண்டாம்மா, முன்னால நிறையப் பேர் நிக்கறாங்க” என்றார். அவருக்கு வரவேண்டியது வந்துசேர இரண்டு வருஷம் ஆயிற்று. அந்த இரண்டு வருஷமும் மாதம் ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்து நான் பதிய வேண்டியிருந்தது. ஒருநாளும் அவர் என்னை ஒரு சொல் சொன்னதில்லை.

இதற்கிடையில் மேலலுவலகம் எங்கள் கடிதத்தை ஏற்றது. கால்நடை மருத்துவமனையிலிருந்து வேதாசலத்தின் பணிப்பதிவேடு வந்தது. அவரோடு வேலை பார்த்த இரண்டு ஓய்வூதியர்கள் சாட்சி எழுதிக் கொடுத்தார்கள். குப்பம்மா பெயருக்குப் புது ஓய்வூதியப் புத்தகம் வந்தது. ஆள் அனுப்பினேன். நல்ல புடவை கட்டிக்கொண்டு, தலை வாரி வந்தார்.

படிப்பில்லாதவர்களுக்கு முதல் தடவை இடது கைக் கட்டைவிரல் ரேகையை இரண்டு புத்தகத்திலும் பதிய வேண்டும். பிறகு மாதா மாதம் அதோடு ஒத்துப்பார்ப்போம். விரலைப் பிடித்து மைத்திண்டில் உருட்டி, தாளில் உருட்டினேன். கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. கோடுகளே இல்லை. மை அதிகம் போலிருக்கிறது என்று துடைத்துவிட்டு மறுபடி உருட்டினேன். மறுபடியும் வெறும் வட்டம். வலது கையைப் பார்த்தேன். மற்ற விரல்களைப் பார்த்தேன். பத்து விரலும் கூழாங்கல் மாதிரி வழுவழுவென்று இருந்தன. கல்லைப் பிடித்துப் பிடித்துத் தேய்ந்து போயிருந்தன. நான் அந்தக் கையை விடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

குப்பம்மா சிரித்தார். “இன்னா மேடம் அப்டி பாக்கறே? கல்லு தின்னுடிச்சி. ஒரு வருசம் முன்ன பதிஞ்சிருந்தீன்னா கொஞ்சம் நஞ்சம் இருந்திருக்கும்.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அடையாளத்துக்கு இரண்டு சாட்சியோடு நானே கையெழுத்திட்டு, புதிய அலுவலரிடம் ஒப்பம் வாங்கி, புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

“உங்க வீட்டுக்காரர் புத்தகம் மேலலுவலகத்துக்குப் போகலைம்மா. நான்தான் கிழிச்சுப் போட்டேன். நீங்க வந்து கேட்ட முதல் நாளே எனக்குத் தெரியும்.”

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

“அவரு கையெழுத்தெல்லாம்?”

“எல்லாம் போயிடுச்சு.”

“தெரிஞ்சிகினே என்ன மாசா மாசம் வரச் சொன்னியா?”

“ஆமாம்.”

அவர் புதுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் மூடினார், நான் பிடுங்கிவிடுவேன் என்பதுபோல. பிறகு கேட்டார்: “எங்க ஊட்டுக்காரரது மட்டுந்தானா, வேற யாருதுனா கீதா?”

“ஒரு கட்டும்மா. அறுபதுக்கு மேல இருக்கும்.”

“அறுவதா!” அவர் குரல் எழும்பியதில் பக்கத்து மேசைக்காரர்கள் நிமிர்ந்தார்கள். “அவங்கல்லாம் யாரு?”

“தெரியாது. பேரை எழுதி வைக்கலை.”

“வந்து கேட்டாங்களா?”

“உங்களையும் சேர்த்து மூணு பேர்தான் வந்தாங்க. மத்தவங்களுக்கு இப்படி ஒண்ணு வந்திருக்குன்னே தெரியுமோ என்னவோ.”

குப்பம்மா எழுந்தார். கும்பிடவில்லை, நன்றி சொல்லவில்லை. வாசல்வரை போனவர் திரும்பினார். “பெரிய புண்ணியவதின்னு குவாரி பூரா சொல்லி வெச்சிகீறேன் உன்ன. இப்போ போயி இன்னான்னு சொல்றது நானு?”

“நடந்ததை நடந்த மாதிரியே சொல்லுங்க” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

அடுத்த மாதம் முதல் தேதி. வராந்தாவில் வழக்கமான கூட்டம். குப்பம்மா வந்து தன் பணத்தை வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். போகட்டும், அவ்வளவுதான் எனக்கு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். கூட்டம் வடிந்த பிறகு, பன்னிரண்டு மணி வாக்கில், வாசலில் மூன்று வயதான பெண்கள் நின்றிருந்தார்கள். உள்ளே வரத் தயங்கினார்கள். மூன்று பேர் விரலிலும் துணி சுற்றியிருந்தது. அலுவலக உதவியாளர் யார் வேண்டும் என்று கேட்டார். அவர்களில் மூத்தவர் உரக்கச் சொன்னது அலுவலகம் முழுக்கக் கேட்டது.

“செத்தவங்க புக்க கிழிச்ச மேடம் இங்க யாருப்பா? அவங்களத்தான் பாக்கணும்.”

பேனாக்கள் நின்றன. எல்லோர் கண்ணும் என்மேல். நான் எழுந்து கையைத் தூக்கினேன்.

“நான்தாம்மா. உள்ளே வாங்க, உட்காருங்க. உங்க வீட்டுக்காரர் பேர் சொல்லுங்க.”